ரெண்டு டிகிரி, ஒரு பை: எது உயிரோட இருந்துச்சு, எது எப்பவோ செத்துப்போச்சு

2024 ஆகஸ்ட்ல ஒரு அண்ணாச்சி எங்க வக்கீல் ஆபீசுக்கு வந்தாரு, தென்மாவட்டத்துல ஒரு சின்ன டவுன், வயசு எழுபத்தி ஒண்ணு, அரிசி வியாபாரம் பண்ணி விட்டவரு. கையில ஒரு ரெக்சின் பை. உள்ள ரெண்டு டிகிரி, படிச்சு வாங்குற டிகிரி இல்ல, கேஸ் ஜெயிச்சா கோர்ட் குடுக்கிற தீர்ப்பாணை. ஒண்ணு புரோநோட்டு கேஸ்ல வாங்குன பண டிகிரி, இன்னொண்ணு அவங்க அம்மா வழி நிலத்துல பாகப்பிரிவினை டிகிரி. வந்த உடனே அவர் சொன்னது இதுதான்: "தம்பி, இந்தப் பணக் கேஸ் செத்துப்போச்சு, அது எனக்கே தெரியும், இந்த நிலத்து டிகிரிய மட்டும் ரினியூ பண்ணி குடுங்க."

ரினியூங்கிற வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன். மருமகன் கலிஃபோர்னியாவுல இருக்காராம், அவர் போன்ல சொல்லியிருக்காரு, மாமா கோர்ட் தீர்ப்பு பத்து வருஷத்துல முடியும், ஆனா ஒரு ஃபாரம் போட்டா இன்னொரு பத்து வருஷம் நீட்டிக்கலாம்னு. மருமகன் சொன்னது அந்த ஊருக்கு சரிதான். கலிஃபோர்னியாவுல பண டிகிரிக்கு ஆயுசு 10 வருஷம், அது முடியறதுக்கு முன்னாடியே ஈ.ஜே. 190ன்னு ஒரு விண்ணப்பம் போட்டா புதுப்பிச்சுக்கலாம், அதுவரைக்கும் சேர்ந்த வட்டியும் புதுத் தொகையில ஏறிக்கும், லேட்டா போனா ஒண்ணும் கிடையாது. நம்ம ஊர்ல அந்த ஃபாரமும் கிடையாது, அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. இங்க டிகிரியை புதுப்பிக்கிறதுன்னு ஒண்ணு சட்டத்துலயே இல்ல. 12 வருஷம், அதுக்குள்ள ஈ.பி., அதாவது டிகிரியை நிறைவேத்தித் தரச் சொல்லி ஒரு மனு போடணும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் எங்க ஆபீஸ் பழைய குமாஸ்தா ஒருத்தர், சீனியர் காலத்துல இருந்து இருக்கிறவரு, நடுவுல வந்து "மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெட்டிஷன் தட்டி விட்டுக்கிட்டே இருந்தா டிகிரி சாகாது சார்"னாரு. இது தமிழ்நாட்டுல எல்லா கோர்ட் வராண்டாவுலயும் கேக்கிற பேச்சு. சும்மா கிளப்பி விட்டதும் இல்ல, ஒரு காலத்துல சட்டமே அப்படித்தான் இருந்துச்சு. 1908 காலவரையறைச் சட்டத்துல 182வது பிரிவுன்னு ஒண்ணு, டிகிரிக்கு மூணு வருஷம், அதுக்குள்ள நிறைவேத்தறதுக்கு உதவியா ஏதாவது ஒரு அடி எடுத்து வச்சா அந்த தேதியில இருந்து திரும்ப மூணு வருஷம், இப்படியே இழுக்கலாம், ஆனா சிவில் நடைமுறைச் சட்டம் 48வது பிரிவு மேல ஒரு மூடி போட்டு 12 வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வச்சிருந்துச்சு. எது "உதவியா ஒரு அடி", எது இல்லைங்கிறதுலயே ஆயிரம் சண்டை. அதனால 1963ல புதுச் சட்டம் கொண்டு வந்தப்போ, அது 1964 ஜனவரி 1ல இருந்து அமல், அந்த மூணு வருஷ விளையாட்டையே எடுத்துட்டு 136வது பிரிவுல நேரா 12 வருஷம்னு வச்சுட்டாங்க, 48வது பிரிவையும் தூக்கிட்டாங்க. குமாஸ்தா சொன்னது அவர் பொறந்தப்போ இருந்த சட்டம். அறுபது வருஷம் ஆச்சு, வராண்டாவுல மட்டும் இன்னும் ரத்தாகல.

சரி, முதல்ல பண டிகிரி. அண்ணாச்சி இதைப் பத்திப் பேசவே தயாரா இல்ல, நான்தான் பிரிச்சேன்.

டிகிரி தேதி 14.10.2010. எக்ஸ்பார்ட்டி, அதாவது எதிராளி கோர்ட்டுக்கு வராமலே ஆனது. அசல் 2,00,000, பிராது போடுற வரைக்கும் வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 2,84,000, அதுக்கு மேல அசலுக்கு 6 சதவீதம் வட்டி வசூல் ஆகுற வரைக்கும். 2012ல ஒரு ஈ.பி. போட்டிருக்காரு, ஆளைக் கைது பண்ணச் சொல்லி. கடனாளி கோர்ட்டுலயே 50,000 கட்டிட்டு, மிச்சத்தை ரெண்டு வருஷத்துல தர்றேன்னு ஒரு வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, இவரும் இரக்கப்பட்டு ஈ.பி.யை நாட் பிரஸ்ட், அதாவது நான் வலியுறுத்தலைன்னு சொல்லி முடிச்சுட்டாரு. 2016ல வீட்டுக்கு வந்து கையில 30,000. 2019 தீபாவளிக்கு 20,000. அதுக்கப்புறம் கொரோனா. 2023 கடைசியில போய்க் கேட்டா அந்த ஆளு சிரிச்சுக்கிட்டே "அண்ணாச்சி 12 வருஷம் முடிஞ்சுபோச்சு, அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க"ன்னு சொல்லியிருக்காரு, யாரோ விவரமா சொல்லிக் குடுத்திருக்காங்க.

இங்க அண்ணாச்சி ஒரு வாதம் வச்சாரு, நியாயமா கேட்டா யாருக்கும் சரின்னுதான் படும்: "2019ல பணம் குடுத்திருக்கான்ல, அந்த தேதியில இருந்து கணக்கு புதுசா ஆரம்பிக்காதா? புரோநோட்டுக்கு அப்படித்தானே?" புரோநோட்டுக்கு அப்படித்தான். நோட்டுக்குப் பின்னாடி வரவு எழுதி கையெழுத்து வாங்குனா அந்த தேதியில இருந்து இன்னொரு மூணு வருஷம், காலவரையறைச் சட்டம் 19வது பிரிவு. ஆனா அதே பிரிவுக்குக் கீழ விளக்கத்துல ஒரு வரி இருக்கு, கோர்ட் டிகிரிப்படி குடுக்க வேண்டிய பணம் இந்த "கடன்"ங்கிற வார்த்தையில சேராதுன்னு. 18வது பிரிவுல, அதாவது எழுத்துல ஒப்புக்கிட்டா காலம் நீளும்னு சொல்ற பிரிவுலயும், ஈ.பி.க்கு இது பொருந்தாதுன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க. அப்போ அந்த வெள்ளைப் பேப்பர், 30,000, 20,000, எதுவும் ஒரு நாளைக்கூட நீட்டிக்காது. நோட்டா இருக்கிற வரைக்கும் புதுப்பிக்கலாம், கோர்ட்டுக்குப் போய் டிகிரியா மாறிட்டா முடியாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் கோர்ட்டுல ஜெயிச்சவனுக்கு கோர்ட்டுக்குப் போகாதவனை விட கம்மி வசதியான்னு கோவப்படுவாங்க. ஆரம்பத்துலயே மூணுக்கு பதிலா பன்னெண்டு குடுத்தாச்சுல்லங்கிறது சட்டத்தோட பதில், எனக்கும் அது முழுசா திருப்தி இல்ல.

லேட்டுக்கு மன்னிப்பு கேட்டு மனு போடலாமான்னா அதுவும் வழியில்ல. 5வது பிரிவுல, போதுமான காரணம் காட்டினா தாமதத்தை மன்னிக்கலாம்னு இருக்கு, அப்பீலுக்கெல்லாம் நாம தினமும் போடுறதுதான், ஆனா அந்தப் பிரிவே சிவில் நடைமுறைச் சட்டத்துல டிகிரியை நிறைவேத்துறதைப் பத்தின ஆர்டர் 21ல வர்ற மனுக்களைப் பேர் சொல்லி வெளிய விட்டுருச்சு. ஈ.பி. ஆர்டர் 21. ஆஸ்பத்திரியில கெடந்தேன், வக்கீல் செத்துட்டாரு, வெள்ளத்துல கேஸ் கட்டு போச்சு, எந்தக் கதையும் எடுபடாது.

அப்போ 14.10.2022ஓட செத்துப்போச்சா? எதிராளி அப்படித்தான் நெனச்சான், அண்ணாச்சியும் அப்படித்தான் நெனச்சாரு. ரெண்டு பேருமே கொரோனாவை மறந்துட்டாங்க.

உச்ச நீதிமன்றம் தானா எடுத்துக்கிட்ட வழக்குல 2022 ஜனவரி 10ஆம் தேதி கடைசியா ஒரு உத்தரவு போட்டுச்சு, 15.03.2020ல இருந்து 28.02.2022 வரைக்கும் உள்ள காலத்தை எல்லா காலவரையறைக் கணக்குலயும் கழிச்சுடணும்னு. விரல் விட்டு எண்ணினா 716 நாள். 14.10.2022ஓட 716 நாளைக் கூட்டினா 29.09.2024 வருது. காலண்டரைப் பாத்தேன், ஞாயித்துக்கிழமை. கோர்ட் மூடியிருந்தா திறக்கிற அன்னைக்குப் போடலாம்னு 4வது பிரிவு சொல்லுது, ஆனா அதை நம்பிக்கிட்டு உக்காரக் கூடாது, ஏன்னா ஈ-ஃபைலிங் சர்வர் என்னைக்கு படுக்கும்னு யாருக்கும் தெரியாது. அண்ணாச்சிகிட்ட சொன்னேன், செத்துப்போச்சுன்னு நீங்க சொன்ன டிகிரிக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல உயிர் இருக்குன்னு. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எவ்வளவு பீஸு"ன்னாரு.

அடுத்த மூணு வாரம் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று போட்டு சொத்து தேடுறதுலயே போச்சு. கைது மனு போடலாம்னா அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, கையில வசதி இருந்தும் வேணும்னே கட்டலைன்னு நாம நிரூபிக்கணும், 1980லயே உச்ச நீதிமன்றம் வெறும் ஏழ்மைக்காக ஆளை உள்ள வைக்க முடியாதுன்னு சொல்லிருச்சு, அப்படியே உள்ள போனாலும் அதிகபட்சம் மூணு மாசம், கடன் அப்படியேதான் நிக்கும். சம்பளம்னா பிடிக்கலாம், ஆனா இந்த ஆளுக்கு சம்பளம் கிடையாது. கடைசியில அவர் பேர்ல நாலரை சென்ட் மனை ஒண்ணு கிடைச்சுது, 2014ல கிரயம் வாங்குனது. கடன்காரனுக்குக் குடுக்க காசு இல்லாத வருஷத்துல மனை வாங்கியிருக்காரு, அண்ணாச்சி அந்த ஈ.சி.யை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லி கேட்டாரு.

ஈ.பி. எழுதறப்போ ஒரு சின்ன சண்டை. டிகிரிக்கு அப்புறம் என்னென்ன பணம் வந்துச்சுன்னு மனுவுலயே சொல்லணும், ஆர்டர் 21 விதி 11ல அந்தக் கட்டம் இருக்கு. கோர்ட்டுல கட்டின 50,000 ரெக்கார்டுல இருக்கு, மறைக்க முடியாது. கையில வாங்குன 30,000மும் 20,000மும் ரெக்கார்டுல இல்ல. வெளிய குடுத்த பணத்தை கடனாளி 30 நாளைக்குள்ள கோர்ட்டுல சொல்லி பதிவு பண்ணலைன்னா, நிறைவேத்துற கோர்ட் அதைக் கண்டுக்காது, விதி 2 அப்படித்தான் சொல்லுது. அண்ணாச்சிக்கு இது தெரிஞ்சதும் "அப்போ அதைப் போட வேண்டாம்ல"ன்னாரு. வாங்குன பணத்தை வாங்கலைன்னு சத்தியம் பண்ணி கையெழுத்துப் போடுற மனு அண்ணாச்சி இது, நான் அப்படி எழுதமாட்டேன்னு சொன்னேன். முகம் சுருங்கிருச்சு, ஆனா ஒத்துக்கிட்டாரு. பின்னாடி இது எங்களுக்கு நல்லதாவே முடிஞ்சுது.

19.09.2024 வியாழக்கிழமை ஃபைல் பண்ணோம். வழக்கம்போல ரிட்டர்ன், முந்தைய ஈ.பி. விவரம் சரியா இல்லைன்னு. சரி பண்ணி திரும்பப் போட்டு நம்பர் ஆகுறதுக்கு நவம்பர் வந்துருச்சு. முதல்ல போட்ட தேதிதான் கணக்கு, அதனால பயமில்ல, ஆனா அந்த ஃபைலிங் ரசீதை நான் பிரிண்ட் எடுத்து கட்டுல தச்சே வச்சிருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு மேல பழைய டிகிரின்னா எதிராளிக்கு நோட்டீஸ் போயே ஆகணும், போச்சு, வந்தாரு, ஒரு வக்கீல் வச்சு கவுண்டர், அதாவது பதில் மனு போட்டாரு.

கவுண்டர்ல முக்கியமான வாதம் ஒண்ணுதான். கொரோனா உத்தரவு, அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள காலம் முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான், அவங்களுக்கும் 90 நாள்தான், இவருக்கு காலம் முடிஞ்சது 2022 அக்டோபர்ல, அப்போ கோர்ட் எல்லாம் திறந்துதானே இருந்துச்சுன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த உத்தரவுல 90 நாள் வர்றது பின்னாடி ஒரு பத்தியில, நடுவுல முடிஞ்சுபோனவங்களுக்கு. முதல் பத்தி அந்தக் காலம் மொத்தத்தையும் எல்லாருக்குமே கழிக்கச் சொல்லுது, அடுத்ததுல மீதிக் காலம் 01.03.2022ல இருந்து திரும்பக் கிடைக்கும்னு இருக்கு. 15.03.2020 அன்னைக்கு அண்ணாச்சிக்கு மீதி இருந்தது ரெண்டரை வருஷத்துக்கு மேல, அது 01.03.2022ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது, அவ்வளவுதான் எங்க வாதம். நீதிபதி ரெண்டு வாய்தா கேட்டுட்டு காலவரையறை ஆட்சேபத்தைத் தள்ளிட்டாங்க. கையில வாங்குன பணத்தையும் நாமளே வரவு வச்சிருந்ததால, மனுதாரர் சுத்தமான கையோட வரலைன்னு அவங்க வச்ச இன்னொரு வாதம் நிக்கவே இல்ல.

மனை ஜப்தி ஆச்சு. பணம் இன்னும் வரல. உச்ச நீதிமன்றம் 2021லயே ஈ.பி.யை ஆறு மாசத்துல முடிக்கணும்னு சொன்னுச்சு, 2025 மார்ச்சுல தமிழ்நாட்டுல இருந்து போன ஒரு நில வழக்குல திரும்பச் சொல்லி எல்லா ஹைகோர்ட்டுகிட்டயும் கணக்கு கேட்டுச்சு, அந்தக் கணக்கு 2025 அக்டோபர்ல வந்தப்போ நாடு முழுக்க 8.82 லட்சம் ஈ.பி. தேங்கிக் கிடந்துச்சு, தமிழ்நாட்டுல மட்டும் 86,000க்கு மேல. அதுல ஒண்ணு எங்களுது. இந்தியாவுல வழக்காளியோட கஷ்டமே டிகிரி வாங்குன பிறகுதான் தொடங்குதுன்னு லண்டன் பிரிவி கவுன்சில் 1872ல எழுதி வச்சுது. ஒரு ஆறுதல், 12 வருஷங்கிறது மனு போடுறதுக்குத்தான், முடிக்கிறதுக்கு இல்ல. உள்ளே போட்டு நம்பர் ஆயிட்டா அது எத்தனை வருஷம் ஓடினாலும் காலாவதி ஆகாது. கோர்ட் "ஸ்டாடிஸ்டிகல் பர்பஸ்"னு சொல்லி கணக்குக்காக மூடி வச்சாலும் பிறகு உயிர்ப்பிச்சுக்கலாம். நாமளே நாட் பிரஸ்ட்னு சொல்லி முடிச்சாலோ, நோட்டீஸ் அனுப்புறதுக்கான பேட்டா கட்டாம தள்ளுபடி ஆனாலோ அந்த வசதி கிடையாது, 12 வருஷத்துக்குள்ள இருந்தா புதுசா போடலாம், தாண்டிட்டா போச்சு. 2012ல அண்ணாச்சி மட்டும் இரக்கப்படாம ஈ.பி.யை நிலுவையில வச்சிருந்தார்னா இந்த 716 நாள் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

இப்போ ரெண்டாவது பேப்பர். அவர் பத்திரமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டு வந்தது.

அம்மா வழிச் சொத்து, ஒண்ணே முக்கால் ஏக்கர், அண்ணன் தம்பி ரெண்டு பேர். யாருக்கு எவ்வளவு பங்குன்னு சொல்ற முதல்நிலை டிகிரி 1999ல, கோர்ட் கமிஷனர் போய் அளந்து, எந்தப் பக்கம் யாருக்குன்னு பிரிக்கிற இறுதி டிகிரி 02.03.2006ல. கிழக்குப் பக்கம் அண்ணாச்சிக்கு, மேற்கு அண்ணனுக்கு. ஆனா பயிர் வச்சது முழுக்க அண்ணன்தான், அவர் போன பிறகு அவர் பசங்க. குடும்பத்துக்குள்ள போலீஸ் அமீனான்னு போக வேண்டாம்னு அம்மா சொன்னாங்களாம், அம்மா 2015ல தவறினாங்க, அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை, அப்புறம் கொரோனா. நடுவுல யாரோ ஒருத்தர் அவர்கிட்ட சொல்லியிருக்காங்க: பாகப்பிரிவினை டிகிரி ஸ்டாம்ப் பேப்பர்ல ஏறினாத்தான் டிகிரி, நீங்க ஸ்டாம்ப் பேப்பரே இன்னும் குடுக்கல, அதனால காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, எப்ப வேணும்னாலும் குடுத்து எடுத்துக்கலாம்னு.

பாதி உண்மை. இறுதி டிகிரி முத்திரைச் சட்டப்படி ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஸ்டாம்ப்ல எழுதாம அதை நிறைவேத்த முடியாது. அப்போ நிறைவேத்த முடியாத டிகிரிக்கு காலம் எப்படி ஓடும்னு கேள்வி வருதுல்ல, இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு, அதுவும் தமிழ்நாட்டு குடும்பம் ஒண்ணோட வழக்கு. 1970 நவம்பர்ல இறுதி டிகிரி, 1972ல ஸ்டாம்ப் பேப்பர் குடுங்கன்னு கோர்ட்டே நோட்டீஸ் விட்டுருக்கு, யாரும் குடுக்கல, 1984 மார்ச்சுலதான் குடுத்திருக்காங்க, ஈ.பி.யும் அப்பத்தான். 2001ல தீர்ப்பு: காலம் 1970லயே ஓட ஆரம்பிச்சுருச்சு, ஸ்டாம்ப் வாங்குறது உன் கையில இருக்கிற வேலை, அதை நீ செய்யாம இருந்துட்டு அதையே காரணமா சொல்லி காலத்தை நிறுத்தி வைக்க முடியாது. அதுக்கப்புறம் 2005ல மூணு நீதிபதி பெஞ்ச் முன்னாடி இன்னொரு வழக்கு, அது இன்னும் நெருக்கம். 1981 ஆகஸ்ட்ல டிகிரி, 1982 மார்ச்சுல ஸ்டாம்ப்ல ஏறியிருக்கு, 1994 மார்ச்சுல ஈ.பி. ஸ்டாம்ப் தேதியில இருந்து எண்ணினா உள்ள, தீர்ப்பு தேதியில இருந்து எண்ணினா ஏழு மாசம் வெளிய. வெளியன்னுதான் முடிவாச்சு. இது பாகப்பிரிவினைக்கு மட்டும் இல்ல, டிகிரி டைப் ஆகி கையெழுத்தாகிற தேதி, காப்பி கையில கிடைச்ச தேதி, எதுவும் கணக்குக்கு வராது. தீர்ப்பு சொன்ன நாள்தான் தொடக்கம். தவணை குறிச்ச டிகிரியில மட்டும் ஒவ்வொரு தவணை தவறுற நாளும் அந்தத் தவணைக்குத் தொடக்கம்.

அப்பீல் போயிருந்தா வேற. மேல் கோர்ட் கேஸைக் கேட்டு தீர்ப்பு சொன்னா, அது கீழ் தீர்ப்பை உறுதி பண்ணியிருந்தாலும், அந்த மேல் தீர்ப்பு தேதியில இருந்து 12 வருஷம் புதுசா கிடைக்கும். நம்ம ஊர்ல புதுப்பிக்கிறதுக்கு ரொம்ப நெருக்கமா வர்றது இதுதான், அதுவும் எதிராளி புண்ணியத்துல. ஆனா அப்பீலை லேட்டா போட்டு, தாமதத்தை மன்னிக்கிற மனுவே தள்ளுபடி ஆயிருந்தா அது தீர்ப்பாவே எடுத்துக்க மாட்டாங்க, பழைய தேதிதான். அண்ணாச்சி கேஸ்ல அண்ணன் தரப்பு அப்பீலே போகல. போயிருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்பாரு, இப்படி ஒரு விசித்திரம்.

02.03.2006, கூட்டு பன்னெண்டு, 02.03.2018. கொரோனாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே முடிஞ்சுது, 716 நாள் இதுக்கு ஒட்டவே ஒட்டாது. வேற கதவு ஏதாவது இருக்கான்னு எல்லாம் தட்டிப் பாத்தேன். ஸ்டே இருந்துச்சா, இருந்தா அந்த நாளைக் கழிக்கலாம், 15வது பிரிவு, ஸ்டே ஒண்ணுமில்ல. பங்குதாரர்ல மைனர் யாராவது, இல்ல. எதிராளி மோசடி பண்ணியோ மிரட்டியோ நிறைவேத்த விடாம தடுத்தாங்களா, 17வது பிரிவோட ரெண்டாவது பகுதி அதுக்கு இடம் குடுக்குது, மோசடி தெரிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும், ஆனா அம்மா கண்ணீர் மோசடியில வராது. இன்னும் ஒரு வயித்தெரிச்சல், 2006ல இறுதி டிகிரி வாங்காம 1999 முதல்நிலை டிகிரியோடவே விட்டிருந்தார்னா இன்னைக்கும் போய் இறுதி டிகிரிக்கு மனு போடலாம், அதுக்குக் காலவரையறையே கிடையாதுன்னு 2009ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. வேலையை முடிச்சவருக்கு கெடு, பாதியில விட்டவருக்கு கெடு இல்ல.

இதை நான் அவர்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம், சொல்லிட்டேன். இப்போதைக்கு அண்ணன் பசங்ககிட்ட ஊர்ப் பெரியவர் ஒருத்தரை வச்சு பேசிக்கிட்டு இருக்கோம், அவங்களுக்கும் பட்டா பிரிக்க, பேங்க் லோன் வாங்க இவர் கையெழுத்து தேவைப்படுது, அது ஒண்ணுதான் எங்க கையில இருக்கிற பிடி.

எல்லாம் கேட்டு முடிச்சுட்டு அண்ணாச்சி பைக்குள்ள கைய விட்டு கடைசியா ஒரு பாலித்தீன் கவரை எடுத்தாரு. உள்ள ஸ்டாம்ப் பேப்பர், வெண்டர் சீலோட, 2006 ஏப்ரல் தேதி. வாங்கியிருக்காரு, கோர்ட்டுல குடுக்கல, அம்மா சொன்னாங்கன்னு வீட்டுல கொண்டுபோய் பீரோவுல வச்சுட்டாரு.

"தம்பி, இதையாவது திருப்பிக் குடுத்து காசு வாங்கலாமா?"

"அதுக்கு வாங்குன தேதியில இருந்து ஆறு மாசம்தான் அண்ணாச்சி."